குவிந்த மனத்தின் ஆற்றல்

படிக்க அமர்ந்தால் மனம் நிற்பதில்லை என்பது மாணவரின் குறை. பணியில் இருக்கும்போது வீட்டு நினைவும், வீட்டில் இருக்கும்போது பணியின் கவலையும் வந்து விடுகின்றன என்பது பெரியவர்களின் குறை. தியானம் பழகினால் இக்குறை தீருமா, வாழ்வில் வெற்றி கிட்டுமா என்ற கேள்வி இன்று பலரிடமும் எழுகிறது. இக்கேள்விக்கு விடையாக அமைந்திருப்பது சுவாமி விவேகானந்தரின் வாழ்க்கை. தியானம் அவருக்குப் பிறவியிலேயே வாய்த்த செல்வம். ஆயினும் அதே நரேந்திரர் ஒரு காலத்தில் வேலை தேடிக் கல்கத்தாவின் தெருக்களில் வெறுங்காலுடன் அலைந்தார். பல நாட்கள் பட்டினி கிடந்தார். அப்படியானால் தியானம் அவருக்கு எதைக் கொடுத்தது? அவர் பெற்ற வெற்றிதான் எது? அவரது வாழ்க்கையை இந்தக் கண்ணோட்டத்தில் ஆராய்வது நமக்குப் பெரிதும் பயன் தரும்.

விளையாட்டே தியானம்

1863 ஜனவரி 12-ஆம் நாள் கல்கத்தாவின் சிமுலியாப் பகுதியில் விசுவநாத தத்தருக்கும் புவனேசுவரி தேவிக்கும் மகனாக நரேந்திரநாதர் பிறந்தார். தந்தை உயர்நீதிமன்ற வழக்கறிஞர். தாராள மனம் படைத்தவர். தாத்தா துர்க்காபிரசாதர் இளம் வயதிலேயே இல்லறத்தைத் துறந்து துறவியானவர். தாய் காசியிலுள்ள வீரேசுவரரை வேண்டி இந்த மகனைப் பெற்றதால் அவனுக்கு முதலில் வீரேசுவரன் என்று பெயரிட்டார். 'பிலே' என்பது வீட்டில் அழைக்கும் செல்லப் பெயராயிற்று.

பிலே குறும்பில் நிகரற்றவன். ஆனால் ஒரு விளையாட்டில் மட்டும் அவன் அசையாமல் அமர்ந்து விடுவான். தோழர்களைக் கூட்டிக்கொண்டு கண்களை மூடி அமர்வதே அந்த விளையாட்டு. ஒருமுறை சிறுவன் ஒருவனுடன் சீதாராமர் மண்பொம்மையை எடுத்துக்கொண்டு மாடி அறைக்குச் சென்று கதவைத் தாழிட்டுக்கொண்டான். நெடுநேரம் காணாமல் வீட்டார் தேடினர். கதவைத் தட்டியும் பதில் இல்லை. உடைத்து உள்ளே சென்றபோது அவன் தியானத்தில் ஆழ்ந்திருந்தான். மற்றொரு நாள் தோழர்களுடன் அவ்வாறு அமர்ந்திருந்தபோது நாகப்பாம்பு ஒன்று ஊர்ந்து வந்தது. மற்றவர்கள் அலறிக்கொண்டு ஓடினர். அவர்களின் கூச்சலும் அவன் காதில் விழவில்லை. பாம்பு சிறிது நேரம் இருந்துவிட்டுச் சென்றது. பின்னர் பெற்றோர் கேட்டபோது, தனக்கு எதுவும் தெரியாது என்றும் சொல்லொணா இன்பத்தில் இருந்ததாகவும் அவன் கூறினான்.

இரவில் உறங்கச் செல்லும்போது புருவ மத்தியில் ஓர் ஒளிப்புள்ளி தோன்றி, விரிந்து, உடல் முழுவதையும் நனைப்பதை அவன் நாள்தோறும் கண்டான். எல்லோருக்கும் உறக்கம் அப்படித்தான் வரும் என்றே வெகுகாலம் எண்ணியிருந்தான். 1877-இல் குடும்பத்தினருடன் மாட்டுவண்டியில் ராய்ப்பூருக்குச் சென்றபோது, விந்திய மலைப் பகுதியில் பாறைப் பிளவு ஒன்றில் மேலிருந்து கீழ்வரை தொங்கிய பெரிய தேன்கூட்டைக் கண்டான். அத்தனை தேனீக்கள் எத்தனை காலம் உழைத்து இதைக் கட்டியிருக்கும் என்று எண்ணத் தொடங்கிய மனம், படைத்தவனின் பேராற்றலை நினைத்து அதிலேயே கரைந்தது. வெளியுலக நினைவு திரும்பியபோது வண்டி நெடுந்தொலைவு கடந்திருந்தது.

மதிப்பெண்கள் சொல்லாத கதை

இத்தகைய மனம் படைத்தவர் எல்லாத் தேர்வுகளிலும் முதலிடம் பெற்றிருப்பார் என்று நாம் எதிர்பார்ப்போம். உண்மை வேறு. 1879-இல் நுழைவுத் தேர்வில் அவர் முதல் வகுப்பில் தேறினார். ஆனால் அடுத்த இரு தேர்வுகளிலும், 1884-இல் பெற்ற பி.ஏ. பட்டம் உட்பட, இரண்டாம் வகுப்பே கிடைத்தது. பாடப்புத்தகம் அவரைக் கட்டிப்போடவில்லை. தத்துவம், வரலாறு, இலக்கியம், இசை என அறிவின் பல துறைகளில் அவர் மூழ்கினார். ஹெர்பர்ட் ஸ்பென்சர் போன்ற மேனாட்டுச் சிந்தனையாளர்களை ஆழ்ந்து கற்றார். குவிந்த மனத்தின் பயனை மதிப்பெண் பட்டியலில் மட்டும் தேடுவோர் இதைக் கருத்தில் கொள்ள வேண்டும். அவரது கல்வி தேர்வறையில் முடிந்துவிடவில்லை. அங்கிருந்துதான் அது தொடங்கியது.

கல்லூரி நாட்களில் பிரம்ம சமாஜத்தின் தலைவர் தேவேந்திரநாத தாகூரிடம் அவர் சென்றதுண்டு. அந்த இளைஞரின் கண்கள் யோகியின் கண்கள் என்பதைத் தேவேந்திரநாதர் கண்டறிந்து, தியானம் பழகும்படி அறிவுரை கூறினார். ஆனால் கடவுளை நேரில் கண்டதுண்டா என்ற நரேந்திரரின் கேள்விக்கு அங்கே நேரான விடை கிடைக்கவில்லை. இதற்கிடையே, கல்லூரி முதல்வர் வில்லியம் ஹேஸ்டி வகுப்பில் வேர்ட்ஸ்வொர்த்தின் கவிதையை விளக்கும்போது, இயற்கையின் அழகில் மனம் தன்னை மறந்து ஒன்றும் நிலையைப் பற்றிப் பேசினார். மனத் தூய்மையும் ஒருமைப்பாடும் இருந்தால்தான் அந்நிலை வாய்க்கும் என்றும், அதை எய்தியவராகத் தாம் அறிந்தவர் தட்சிணேசுவரத்தின் ஸ்ரீராமகிருஷ்ணர் ஒருவரே என்றும் கூறினார். 1881 நவம்பரில் சுரேந்திரநாத மித்திரரின் இல்லத்தில் குருவும் சீடரும் முதன்முதலாகச் சந்தித்தனர்.

தடையே துணையானது

ஸ்ரீராமகிருஷ்ணரிடம் நரேந்திரர் பெற்ற பயிற்சியில் இரண்டு நிகழ்ச்சிகள், மனம் அலைகிறதே என்று வருந்தும் ஒவ்வொருவருக்கும் பாடமாக உள்ளன.

தட்சிணேசுவரத்திற்கு அருகில் ஆலம்பஜாரில் ஒரு சணல் ஆலை இருந்தது. அதிகாலையில் தியானத்திற்கு அமரும்போது ஆலையின் சங்கொலி மனத்தைக் கலைப்பதாக நரேந்திரர் குருதேவரிடம் முறையிட்டார். இடத்தை மாற்றும்படியோ காதை மூடிக்கொள்ளும்படியோ குருதேவர் கூறவில்லை. அந்தச் சங்கொலியையே தியானப் பொருளாகக் கொள்ளும்படி சொன்னார். நரேந்திரர் அவ்வாறே செய்தார், பயன் கண்டார். வேறொரு சமயம், உடலை மறந்து மனத்தை இலட்சியத்தில் நிறுத்த முடியவில்லை என்று அவர் கூறியபோது, குருதேவர் தம் நகத்தால் அவரது புருவ மத்தியில் அழுத்தி, அந்த வலியில் மனத்தைக் குவிக்கச் சொன்னார். குருதேவருக்கு அவருடைய குரு தோதாபுரி கண்ணாடித் துண்டால் புருவ மத்தியில் அழுத்திக் கற்பித்த அதே வழி இது.

இவற்றிலுள்ள உட்பொருள் எளியது. ஓசையற்ற உலகம் ஒருபோதும் கிடைக்கப் போவதில்லை. தடையுடன் போராடும் மனம் தடையையே நினைத்துக்கொண்டிருக்கும். அதே தடையைப் பற்றுக்கோடாக்கிக்கொள்ளும் மனம் அதன் வழியாகவே ஒருமைப்படக் கற்றுக்கொள்கிறது. பின்னாளில் சிகாகோவின் இரைச்சலிலும் நியூயார்க்கின் பரபரப்பிலும் சுவாமிஜி தம் மனத்தைத் தம் கையில் வைத்திருந்தார் என்றால், அதன் வித்து ஆலைச் சங்கின் ஓசையில் ஊன்றப்பட்டதே ஆகும்.

பசியின் நாட்கள்

1884 பிப்ரவரியில் தந்தை திடீரென மறைந்தார். வருவாயை மிஞ்சிச் செலவு செய்தவர் அவர். எனவே குடும்பத்திற்கு எஞ்சியது கடன். முன்பு உதவி பெற்றவர்கள் முகம் திருப்பிக்கொண்டனர். உறவினர் வீட்டுச் சொத்தின்மீது வழக்குத் தொடுத்தனர். மூத்த மகனான நரேந்திரர் விண்ணப்பத்தைக் கையில் ஏந்தி, உச்சி வெயிலில், காலணி இன்றி ஒவ்வோர் அலுவலகமாக ஏறி இறங்கினார். எங்கும் கதவுகள் மூடப்பட்டன. வீட்டில் எல்லோருக்கும் போதிய உணவு இல்லாத நாட்களில், நண்பர் வீட்டில் விருந்து இருப்பதாகத் தாயிடம் கூறிவிட்டுப் பட்டினியோடு வெளியேறுவார். ஒரு நாள் மழையில் நனைந்து, பசியால் சோர்ந்து, தெருவோரத் திண்ணை ஒன்றில் விழுந்தார்.

தியானத்தில் சிறந்தவர் என்பதால் அவருக்கு வேலை தேடி வரவில்லை என்பதை இங்கே மறைப்பதற்கில்லை. தியானம் மந்திரக்கோல் அன்று. கடவுள் நல்லவர் என்றால் இந்தத் துன்பம் ஏன் என்ற கேள்வி அவரையும் வாட்டியது. ஆனால் அந்தத் திண்ணையில், உடல் முற்றிலும் ஓய்ந்த நிலையில், அவரது மனத்தை மூடியிருந்த திரைகள் ஒவ்வொன்றாக விலகின. கருணைக்கும் துன்பத்திற்கும் உள்ள முரண்பாடு தீர்ந்தது. எழுந்தபோது சோர்வு நீங்கியிருந்தது.

குடும்பத்தின் வறுமை நீங்கக் காளியிடம் தமக்காக வேண்டும்படி அவர் குருதேவரிடம் கேட்டார். தாமே சென்று வேண்டும்படி குருதேவர் அனுப்பினார். சந்நிதியில் அன்னையின் உயிர்த்துடிப்புள்ள திருவுருவைக் கண்டதும் பொருள் நினைவு மறைந்தது. விவேகமும் வைராக்கியமும் ஞானமும் பக்தியும் தரும்படி வேண்டித் திரும்பினார். மீண்டும் அனுப்பப்பட்டார்; மீண்டும் அப்படியே ஆயிற்று. மூன்றாம் முறை பணம் கேட்க நாணினார். முடிவில் அவரது குடும்பத்திற்கு எளிய உணவுக்கும் உடைக்கும் குறைவிராது என்று குருதேவர் வாக்களித்தார்.

பசித்த வயிற்றுடன் நின்ற இளைஞர் ஒருவர் மூன்று முறை வாய்ப்பு இருந்தும் பொருளைக் கேட்காமல் திரும்பினார். எது வேண்டும் என்பதில் அந்த மனத்திற்கு ஐயமே இல்லை. ஒருமைப்பாட்டின் முதற்பயன் இந்தத் தெளிவே. நூறு ஆசைகளுக்கிடையே சிதறும் மனம் எதையும் அடைவதில்லை. தனக்கு உண்மையில் வேண்டியது எது என்பதைக்கூட அது அறிவதில்லை.

காசிப்பூரில் கிடைத்த கண்டிப்பு

1885 டிசம்பரில் நோயுற்ற குருதேவர் காசிப்பூர்த் தோட்ட வீட்டிற்கு அழைத்துச் செல்லப்பட்டார். இளம் சீடர்கள் பகலில் பணிவிடை செய்து, இரவில் மரத்தடியில் தியானம் செய்தனர். ஓர் இரவு நாடக ஆசிரியர் கிரீஷ் சந்திர கோஷ் நரேந்திரருடன் தியானத்திற்கு அமர்ந்தார். கொசுக்கடி பொறுக்க முடியாமல் கிரீஷ் கண் திறந்து பார்த்தபோது, நரேந்திரரின் உடலில் கம்பளி போர்த்தியதுபோல் கொசுக்கள் மொய்த்திருந்தன. அவரோ எதையும் உணரவில்லை.

அந்நாட்களில் நரேந்திரரின் ஒரே விருப்பம் தொடர்ந்து பல நாட்கள் சமாதியில் மூழ்கியிருப்பது; உடலைக் காக்கச் சிறிது உணவுக்காக மட்டும் கீழிறங்கி வந்து மீண்டும் மூழ்கி விடுவது. இதைக் குருதேவரிடம் கூறியபோது அவர் மகிழவில்லை; கடிந்துகொண்டார். பல்லாயிரம் பேருக்கு நிழல் தரும் ஆலமரமாக வளர வேண்டியவர் தம் விடுதலையை மட்டும் நாடுவதா என்பதே அவரது கவலை. ஆயினும் சீடரின் ஏக்கம் வீணாகவில்லை. ஒரு மாலையில் நரேந்திரர் தியானத்திலிருந்து நிர்விகல்ப சமாதியில் ஆழ்ந்தார். உடல் உணர்வு அறவே மறைந்தது. மீண்டு வந்தபோது, அந்த அனுபவத்தின் திறவுகோல் தம்மிடம் இருக்கும் என்றும், அன்னையின் பணி முடியும்வரை அது பூட்டப்பட்டிருக்கும் என்றும் குருதேவர் தெரிவித்தார்.

தியானத்தின் உச்சத்தைத் தொட்டவருக்கு அதிலேயே தங்க அனுமதி கிடைக்கவில்லை. அவரது பிற்கால வாழ்வு முழுவதற்கும் திசை காட்டியது இந்நிகழ்ச்சி. 1886 ஆகஸ்ட் 16-ஆம் நாள் குருதேவர் மகாசமாதி அடைந்தார். நரேந்திரரும் சகோதரச் சீடர்களும் வராகநகரில் பாழடைந்த வீடொன்றில் மடத்தைத் தொடங்கினர். உண்ண உணவும் உடுக்க உடையும் இல்லாத அந்த வீட்டில் தியானமும் ஜபமும் கல்வியும் இரவு பகலாக நடந்தன.

நூல்களை உண்ட துறவி

1890 ஜூலையில் நரேந்திரர் நெடும் பயணம் புறப்பட்டார். இமயமலை நோக்கிச் செல்லும் வழியில், அல்மோராவுக்கு அருகே காகரிகாட் என்னும் இடத்தில் ஆற்றங்கரை அரசமரம் ஒன்றின் அடியில் தியானத்தில் அமர்ந்தார். அண்டத்தில் உள்ளதே பிண்டத்திலும் உள்ளது என்னும் உண்மை அங்கே அவருக்கு அனுபவமாயிற்று. உடனிருந்த அகண்டானந்தரிடம், தம் வாழ்வின் பெரும் சிக்கல் ஒன்று அங்கே தீர்ந்ததாக அவர் தெரிவித்தார்.

மீரட்டில் தங்கியிருந்தபோது அகண்டானந்தர் நூல்நிலையத்திலிருந்து சர் ஜான் லப்பக்கின் நூல்களை நாள்தோறும் ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து, மறுநாளே திருப்பிக் கொடுத்தார். படிப்பதாகப் பாவனை செய்கிறார்கள் என்று நூலகர் ஐயுற்றார். நரேந்திரர் நேரில் சென்று, அந்நூல்களிலிருந்து எதை வேண்டுமானாலும் கேட்கும்படி சொல்லி, எல்லாக் கேள்விகளுக்கும் விடையளித்தார். எழுத்துக் கூட்டிப் படிக்கும் குழந்தை பின்னர்ச் சொல்லாகப் படிக்கிறது. வளர்ந்தவர் வாக்கியமாகப் படிக்கிறார். பயிற்சி மிகும்போது முழுப் பத்தியையும் ஒரே பார்வையில் கொள்ள முடியும் என்பது அவர் தந்த விளக்கம்.

ஆனால் எல்லாம் அவருக்கு எளிதாகவே வந்தது என்று கொள்ளலாகாது. ஜெய்ப்பூரில் பாணினியின் இலக்கணத்தை ஒரு பண்டிதரிடம் கற்கத் தொடங்கினார். முதல் சூத்திரத்தின் உரையைப் பண்டிதர் மூன்று நாட்கள் விளக்கியும் அவருக்கு விளங்கவில்லை. தம்மால் பயனில்லை போலும் என்று பண்டிதரே தளர்ந்தார். நாணமுற்ற நரேந்திரர், அதை அறிந்துகொள்ளாமல் எழுவதில்லை என்ற உறுதியுடன் தனியே அமர்ந்தார். மூன்று நாட்களில் வராதது மூன்று மணி நேரத்தில் வந்தது. ஆசிரியர் சொன்னதைவிடத் தெளிவாக அவர் விளக்கியதைக் கேட்டுப் பண்டிதர் வியந்தார். முதல் தோல்வியில் எழுந்து சென்றிருந்தால் அந்த வெற்றி கிடைத்திராது. திறமை எல்லோருக்கும் ஒரே அளவில் அமைவதில்லை; எழாமல் அமர்ந்திருக்கும் உறுதியை எவரும் பழகலாம்.

குமரிமுனைத் தியானம்

இமயம் முதல் தெற்கு நோக்கி நடந்த அந்தத் துறவி 1892 டிசம்பர் இறுதியில் கன்னியாகுமரியை அடைந்தார். அன்னை குமரியை வணங்கிவிட்டுக் கடலினுள் இருந்த பாறைக்குச் சென்று மூன்று நாட்கள் தியானத்தில் ஆழ்ந்தார். இம்முறை அவர் மனத்தில் நிறைந்தது தம் விடுதலை அன்று, பாரத நாடு. அரண்மனைகளிலும் குடிசைகளிலும் தங்கி அவர் நேரில் கண்ட மக்களின் வறுமை, அறியாமை, அவற்றுக்கிடையிலும் அணையாத ஆன்மிகம் ஆகியவை ஒருசேர அவர் முன் நின்றன. பசித்தவரிடம் தத்துவம் பேசுவதால் பயனில்லை என்பதையும், தன்னலமற்ற துறவியர் ஊர் ஊராகச் சென்று வரைபடங்களையும் நிலவுருண்டையையும் கொண்டு ஏழைகளுக்குக் கல்வி அளிக்கலாம் என்பதையும் அங்கே உணர்ந்ததாக, அமெரிக்காவிலிருந்து 1894-இல் ராமகிருஷ்ணானந்தருக்கு அவர் எழுதினார்.

காசிப்பூரில் தமக்காகச் சமாதியை வேண்டியவர் குமரியில் பிறருக்காகத் தியானித்தார். குருதேவரின் கண்டிப்பு ஆறு ஆண்டுகளில் கனிந்து பயன் தந்தது. அந்தப் பாறையில் 1970-இல் எழுப்பப்பட்ட நினைவாலயத்தில் தியான மண்டபமும் அமைந்திருப்பது மிகப் பொருத்தமே.

உள்ளங்கையில் வந்த உலகமேடை

சென்னையில் அளசிங்கப் பெருமாள் முதலிய இளைஞர்கள் வீடு வீடாகச் சென்று பயணத்திற்கு நிதி திரட்டினர். கேத்ரி மன்னர் அஜித் சிங்கும் துணை நின்றார். 1893 மே 31-ஆம் நாள் சுவாமி விவேகானந்தர் பம்பாயில் கப்பலேறினார்.

சிகாகோவில் அவரை வரவேற்றவை இடர்களே. சர்வமத மகாசபைக்கு ஆறு வாரங்களுக்கு மேல் இருந்தது. அதிகாரபூர்வமான சான்றுக் கடிதம் அவரிடம் இல்லை. பிரதிநிதிகளைச் சேர்க்கும் காலமும் முடிந்திருந்தது. கையிருப்போ வேகமாகக் கரைந்தது. பாஸ்டன் பகுதிக்குச் சென்றபோது ஹார்வர்டு பேராசிரியர் ஜான் ஹென்றி ரைட் அவரது தகுதியை உணர்ந்து பரிந்துரைக் கடிதம் கொடுத்தார். சிகாகோ திரும்பியபோது முகவரி தொலைந்து போயிற்று. இரவை இரயில் நிலைய முற்றத்தில் கிடந்த காலிப் பெட்டியில் கழித்தார். மறுநாள் வீடு வீடாகச் சென்று அவமதிக்கப்பட்டார். முடிவில் தெருவோரத்தில் இறைவனின் திருவுளம் என்று அமைதியாக அமர்ந்தார். எதிர் வீட்டிலிருந்து ஹேல் அம்மையார் வந்து அவரை அழைத்துச் சென்றார்.

செப்டம்பர் 11 அன்று மேடையில் அமர்ந்திருந்தபோது அவரது நெஞ்சு படபடத்தது, நா வறண்டது. மற்றவர்கள் எழுதிவைத்த உரைகளுடன் வந்திருந்தனர். அவரிடம் எதுவும் இல்லை. அழைக்கப்பட்டபோதெல்லாம் தம் முறையைத் தள்ளிப் போட்டார். இவற்றை அவரே தம் கடிதத்தில் ஒளிக்காமல் எழுதியுள்ளார். தியானம் செய்பவருக்கு அச்சமே எழாது என்று கூற முடியாது. எழுந்த அச்சத்தைத் தாண்டிச் செல்லும் வழி அவருக்குத் தெரிந்திருந்தது. மாலையில் எழுந்து, கலைமகளை மனத்தில் வணங்கி, பேசத் தொடங்கினார். சகோதர உணர்வுடன் அவர் அழைத்த முதல் சொற்களிலேயே ஆயிரக்கணக்கானோர் எழுந்து நின்று ஆரவாரம் செய்தனர். ஒரே நாளில் உலகம் அறிந்தவரானார். ஆனால் அந்த ஒரு நாளுக்குப் பின்னால் முப்பது ஆண்டுகளின் தவம் இருந்தது.

மேனாட்டவருக்கு ராஜயோகம்

புகழுக்குப் பின் அவர் ஓய்வை நாடவில்லை. 1895 கோடையில் செயின்ட் லாரன்ஸ் ஆற்றிலுள்ள ஆயிரம் தீவுப் பூங்காவில் ஏறத்தாழ ஏழு வாரங்கள் சிறு குழுவினருக்கு ஆன்மிகப் பயிற்சி அளித்தார். தொடர்ந்து நியூயார்க் வகுப்புகளில் பதஞ்சலியின் யோக சூத்திரங்களை விளக்கினார். அந்தச் சொற்பொழிவுகள் 1896-இல் ராஜயோகம் என்ற நூலாக வெளிவந்தன. சுருக்கெழுத்தாளராக வந்து சீடரான குட்வின், சுவாமிஜியின் உரைகள் பலவற்றை நமக்குக் காத்துத் தந்தவர்.

அந்நூலில் தியானம் மாயவித்தையாக அன்றி, சோதித்தறியும் அறிவியலாக எடுத்துரைக்கப்படுகிறது. மறைபொருள் என்று மயக்கும் எதையும் ஒதுக்கிவிட வேண்டும் என்று சுவாமிஜி வற்புறுத்தினார். முதற்படி ஆசனமும் அன்று, மூச்சுப் பயிற்சியும் அன்று. வாய்மை, கொல்லாமை, கள்ளாமை, தூய்மை முதலிய ஒழுக்கங்களே. அலையும் மனத்தை உடனே அடக்க முயலாமல், சிறிது நேரம் அதை ஓடவிட்டு, அதன் ஓட்டத்தைக் கவனிக்கும்படி அவர் கூறினார். நாளடைவில் ஓட்டம் தானே குறையும். காலைச் சந்தியும் மாலைச் சந்தியும் பயிற்சிக்கு ஏற்ற வேளைகள் என்றார்.

மனம் பன்னிரண்டு விநாடிகள் ஒன்றில் நின்றால் அது தாரணை. பன்னிரண்டு தாரணைகள் சேர்ந்தது ஒரு தியானம். பன்னிரண்டு தியானங்கள் சேர்ந்தது சமாதி என்ற கணக்கையும் அவர் எடுத்துக்காட்டினார். இதன்படி 2 நிமிடம் 24 விநாடிகள் மனம் சிதறாமல் நிற்பதே தியானம் என்ற பெயருக்கு உரியதாகும். ஒரு மணி நேரம் அமர்ந்தும் மனம் நிற்கவில்லையே என்று வருந்துவோருக்கு இக்கணக்கு பணிவையும் தருகிறது, நம்பிக்கையையும் தருகிறது. தொடங்க வேண்டியது பன்னிரண்டு விநாடிகளிலிருந்துதான்.

1896-இல் ஜெர்மனியின் கீல் நகரில் பேராசிரியர் பால் டாய்சனின் இல்லத்தில் அவர் கவிதை நூல் ஒன்றைப் புரட்டிக்கொண்டிருந்தார். டாய்சன் அழைத்தது அவர் காதில் விழவில்லை. பின்னர் மன்னிப்புக் கேட்டு, படிப்பில் ஆழ்ந்திருந்ததாகக் கூறியபோது டாய்சன் முதலில் நம்பவில்லை. படித்த பாடல்களைச் சுவாமிஜி நினைவிலிருந்து எடுத்துக் கூறிய பிறகே அவரது ஐயம் நீங்கியது.

1900-இல் சான் பிரான்சிஸ்கோவில் மன ஒருமைப்பாட்டைப் பற்றியும் தியானத்தைப் பற்றியும் அவர் தனித்தனியே உரையாற்றினார். செய்திகளைத் திரட்டுவதற்கு முன் மனத்தைக் குவிக்கும் ஆற்றலை வளர்ப்பதே உண்மைக் கல்வி என்பது அவரது உறுதியான கருத்து. இதனுடன் மற்றொன்றையும் அவர் சேர்த்தே கூறினார். மனத்தை ஒன்றில் ஈடுபடுத்தும் ஆற்றல் மட்டும் வளர்ந்தால் போதாது. வேண்டும்போது அதிலிருந்து விடுவிக்கும் ஆற்றலும் வளர வேண்டும். இல்லையெனில் ஈடுபட்ட பொருளே நம்மைச் சிறைப்படுத்திவிடும்.

கோயிலும் கொள்ளை நோயும்

1897 ஜனவரியில் தாயகம் திரும்பிய சுவாமிஜி பாம்பன், ராமநாதபுரம், மதுரை, கும்பகோணம் வழியாகச் சென்னை வந்தார். அவர் ஒன்பது நாட்கள் தங்கிய கடற்கரை மாளிகை இன்று விவேகானந்தர் இல்லம் எனப்படுகிறது. அதே ஆண்டு மே 1-ஆம் நாள் கல்கத்தாவில் ராமகிருஷ்ண மிஷனை நிறுவினார். தன் ஆன்ம விடுதலையும் உலக நன்மையும் இரண்டறக் கலந்ததே அதன் இலட்சியம்.

1898-இல் கல்கத்தாவில் பிளேக் நோய் பரவியபோது, நிவாரணப் பணிக்குப் பணம் எங்கே என்ற கேள்வி எழுந்தது. பேலூரில் மடத்திற்காக அப்போதுதான் நிலம் வாங்கப்பட்டிருந்தது. பல ஆண்டுக் கனவு அது. தேவையானால் அந்த நிலத்தை விற்றுவிடுவோம் என்று சுவாமிஜி தயங்காமல் கூறினார். நிதி வேறு வழியில் கிடைத்ததால் விற்க நேரவில்லை. தியானத்திற்காகக் கட்டும் இடத்தைவிடத் துடிக்கும் உயிர் பெரிது என்பதில் அவருக்கு ஐயம் எழவில்லை. சந்நிதியில் நின்ற அன்றிருந்த அதே தெளிவு இங்கும் காணப்படுகிறது.

இறுதி ஆண்டுகளில் நீரிழிவும் ஆஸ்துமாவும் அவரை வாட்டின. தாயின் நிலைமையும் குடும்ப வழக்குகளும் கவலை தந்தன. ஆயினும் மடத்தின் தியான ஒழுங்கில் அவர் தளர்வை அனுமதிக்கவில்லை. விடியுமுன் மணி அடிக்கும். எல்லோரும் சந்நிதியில் கூட வேண்டும். வராதவர் அன்று மடத்தில் உண்ணாமல் வெளியே பிச்சையேற்று உண்ண வேண்டும் என்ற விதி இருந்தது. என்சைக்ளோபீடியா பிரிட்டானிக்காவின் பத்துத் தொகுதிகளை முடித்துப் பதினொன்றாவதை அவர் படித்துக்கொண்டிருந்ததும் இந்நாட்களில்தான். சீடர் சரத்சந்திரர் பல தொகுதிகளிலிருந்து கேட்ட கேள்விகளுக்கு அவர் சரியாக விடையளித்தார். பிரம்மசரியத்தைக் கடைப்பிடிப்பவருக்கு இத்தகைய நினைவாற்றல் வரும் என்று அவர் விளக்கினார்.

1902 ஜூலை 4 வெள்ளிக்கிழமை. காலை எட்டு மணிக்குச் சந்நிதிக்குள் சென்று கதவுகளைச் சாத்திக்கொண்டு மூன்று மணி நேரம் தியானித்தார். நண்பகலில் எல்லோருடனும் உணவருந்தினார். பிற்பகலில் பிரம்மசாரிகளுக்கு ஏறத்தாழ மூன்று மணி நேரம் வடமொழி இலக்கணம் கற்பித்தார். ஒரு காலத்தில் தம்மை வருத்திய அதே இலக்கணம்! மாலையில் பிரேமானந்தருடன் நெடுந்தொலைவு உலாவி வந்தார். ஏழு மணிக்குத் தம் அறையில் தியானத்திற்கு அமர்ந்தார். ஒன்பது மணியைச் சற்றுத் தாண்டி அவரது மூச்சு அடங்கியது. முப்பத்தொன்பது வயது. காசிப்பூரில் பூட்டப்பட்ட கதவு அன்று திறந்தது என்பது அடியார்களின் நம்பிக்கை.

எது வெற்றி?

பதவியும் பொருளுமே வெற்றி என்றால் சுவாமிஜி அதைத் தேடிய நாட்களில் அது அவருக்குக் கிடைக்கவில்லை. தாம் யார், எதற்காக வாழ வேண்டும் என்பதை அறிந்து, அந்த ஒன்றிற்காக முழு மனத்தையும் செலவிடுவதே வெற்றி என்றால் அவரைவிட வென்றவர் அரிது. அந்த அறிவையும் அந்த முழுமையையும் அவருக்குத் தந்தது தியானம்.

நம்மில் பெரும்பாலோர் சமாதியின் வாசலைக்கூடக் காணப் போவதில்லை. ஆனால் நாள்தோறும் குறித்த நேரத்தில் அமர்வது, குறுக்கிடும் ஓசையைப் பகையாகக் கொள்ளாமல் இருப்பது, விளங்காத பாடத்தின் முன்னிருந்து எழாமல் இருப்பது, அச்சம் வந்தபோது இறைவனை நினைத்துக்கொண்டு எழுந்து நிற்பது ஆகியவை எவருக்கும் இயன்றவையே. குவிந்த மனத்தால் பெற்றதைப் பிறருக்குப் பயன்படச் செய்வதும் நம்மால் இயன்றதே. தனக்காக மட்டும் குவியும் மனம் கூர்மை பெறலாம். பிறருக்காகவும் குவியும் மனமே நிறைவு பெறுகிறது. ஆலமரமாக வளரும்படி ஸ்ரீராமகிருஷ்ணர் ஒரு சீடரிடம் விரும்பியதன் பொருள் அதுவே. அந்த நிழலில் இன்றும் எண்ணற்றோர் இளைப்பாறுகின்றனர்.